மருமகன் போட்ட நாய்க் கணக்கு

மாப்ளே, நீ போன்ல அனுப்பின எக்ஸல் கணக்கைப் பாத்தேன். கண்ணாடியை மாட்டிக்கிட்டு, விரலால இழுத்து இழுத்துப் பெருசாக்கி, மேல இருந்து கீழ வரைக்கும் படிச்சேன். நாய் விலை 35 ஆயிரம். கூண்டு 4 ஆயிரம். மெத்தை 2 ஆயிரம். கழுத்துப்பட்டை, கயிறு, பொம்மை, தட்டு எல்லாம் சேத்து 3 ஆயிரம். ஆகமொத்தம் 44 ஆயிரம்னு மஞ்சக் கலர் அடிச்சு வச்சிருக்கே. கூட்டல் சரியாத்தான் இருக்கு. எங்கக்கா உன்னைப் படிக்க வச்ச காசு வீண் போகலை. ஒரே ஒரு வரியைத்தான் காணோம். நாய்க்குச் சோறு.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு கேள்விப்பட்டிருப்பே. நீ சுண்டைக்காய்க்கு மட்டும் பட்ஜெட் போட்டிருக்கே. நாய் வித்த காசு குரைக்காதுன்னும் சொல்லுவாக. அது வித்தவன் காசு. வாங்கினவன் காசு தினமும் குரைக்கும், அதுலயும் மாசக் கடைசியில கொஞ்சம் சத்தமாவே குரைக்கும்.

முதல்ல அந்த 35 ஆயிரத்துக்கு வருவோம். நீலக் கண்ணு ஹஸ்கிதான் வேணும்னு பேத்தி சொல்லிட்டாளாம். பேத்தி கேட்டா நிலாவையும் கேப்பா. அந்த நாயோட பூர்வீகம் என்னன்னு விசாரிச்சியா? சைபீரியாவுல சுக்சின்னு ஒரு சனம், பனியில சறுக்குவண்டி இழுக்க வளத்த சாதி அது. 1925-ல அலாஸ்காவுல நோம்ங்கிற ஊருல பிள்ளைகளுக்குத் தொண்டை அடைப்பான் கண்டுருச்சு. 20 வண்டிக்காரங்க மருந்தைக் கைமாத்திக் கைமாத்தி, ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் பனிக்காட்டைத் தாண்டி, அஞ்சரை நாளுக்குள்ள கொண்டு சேத்தாக. வண்டி இழுத்தது இந்த மாதிரி நாய்கள்தான். அப்பேர்ப்பட்ட வம்சத்தை நீ சோழிங்கநல்லூர்ல அஞ்சாவது மாடியில, துணி காயப்போடுற கொடிக்குக் கீழ கட்டி வைக்கப் போறே. அது இழுக்கறதுக்கு உன் வீட்டுல என்ன இருக்கு, உன் வீட்டுக் கடனைத் தவிர?

மேல ஒரு அடுக்கு, உள்ள ஒரு அடுக்குன்னு அதுக்கு ரெண்டு அடுக்கு மயிர். கத்திரி வெயில்ல ஏசி இல்லாம அதால தாக்குப்பிடிக்க முடியாது. ஒரு ஏசி பகல் முழுக்க ஓடினா 12, 13 யூனிட் இழுக்கும். ரெண்டு மாசத்துக்குன்னு அரசாங்கம் சும்மா குடுக்கிற 100 யூனிட்டை நாய் எட்டு நாள்ல தின்னு தீத்துரும். அப்புறம் நாயை ஏசி ரூம்ல விட்டுட்டு நீ ஹால்ல ஃபேனுக்குக் கீழ படுத்துக்க. வீட்டுக்கு யாரு எசமான்னு அதுக்கும் ஒரு தெளிவு வந்துரும்.

சரி, ஹஸ்கி வேண்டாம், சின்னதா ஒரு பக் வாங்கட்டுமான்னு கேப்பே. 2003-ல ஹட்ச் போன் விளம்பரத்துல ஒரு பையன் பின்னாடியே தொட்டுத் தொடர்ந்து போச்சே, அதைப் பாத்து அன்னைக்கு ஊரே வாங்குச்சு. நாய்க்கு நம்மள மாதிரி மேல் முழுக்க வேர்க்காது மாப்ளே. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கணும். பக்குக்கு மூக்கே முகத்துக்குள்ள அமுங்கிக் கிடக்கு. வெயில்ல ஒரு சுத்து நடந்தாலே அதுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும். ராத்திரியில குறட்டை வேற. அந்த வீட்டுல இருக்கிற ஒரு குறட்டையே போதும் சித்தப்பான்னு உன் சம்சாரம் எங்கிட்டச் சொல்லியிருக்கு. எனக்கு அது மக முறை, பொய் சொல்லாது.

உங்க ஆபீஸ்ல ஒருத்தன் மீசையை முறுக்கிக்கிட்டு, நாட்டு நாய்தான் வாங்கணும், அதுதான் தமிழனுக்கு அழகுன்னானாமே. 2017-ல ஜல்லிக்கட்டுக்காக மெரினாவுல நின்னவனா இருப்பான். நல்ல பய. நம்ம நாய்களுக்குப் பேரும் இருக்கு, நான் இல்லைன்னு சொல்லலை. ராஜபாளையத்துக்கு 2005-லயே தபால்தலை போட்டாக. 2020 ஆகஸ்ட்டுல பிரதமரே ரேடியோவுல ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பைன்னு பேர் சொல்லிப் பேசினாரு. அன்னையிலேருந்து இந்தப் பக்கம் நாய்க்குட்டி விலை ஏறி, பொண்ணு மாப்பிள்ளை பாக்குற மாதிரி கார்ல வந்து இறங்குறாக. ஆனா சிப்பிப்பாறை கண்ணால வேட்டை பாக்குற சாதி. முயல் ஓடினாலும் விரட்டும், அணில் ஓடினாலும் விரட்டும், பக்கத்து வீட்டுப் பையன் ஸ்கேட்டிங் விட்டாலும் விரட்டும். கயிறு உன் கையில இருந்தா நீயும் கூடவே போவே. தினமும் நடக்கணும்னு டாக்டர் உனக்குச் சொல்லியிருக்காரு, அந்த மட்டுக்கு லாபம். எங்க கரிசக்காட்டுல ஆட்டுக்கெடையைச் சுத்தி அவுத்துவிட்டா அதுபாட்டுக்குக் கிடக்கும். உன் 900 சதுர அடியில சோபா சேதாரம்.

ராஜபாளையம் காவலுக்குப் பேர்போனது. காவல்னா காவல்தான். ஸ்விகிக்காரனை விடாது, கேஸ்காரனை விடாது, உன் மாமியாரையும் விடாது. கடைசி ஆளுக்காகத்தான் அதை யோசிக்கிறேன்னா எங்கிட்ட மட்டும் சொல்லு, வெளிய விட மாட்டேன்.

ராஜபாளையத்துல ஒரு சங்கதி இருக்கு, கேட்டுக்க. வெள்ளை வெளேர்னு, மூக்கு ரோஸ் கலர்ல இருக்கிற குட்டிகள்ல சிலது பிறவிச் செவிடா இருக்கும். விக்கிறவன் சொல்ல மாட்டான். நீ பின்னால நின்னு கையைத் தட்டிப் பாப்பே. காத்து முதுகுல பட்டு அது திரும்பிடும், காது கேக்குதுன்னு நீ காசை எண்ணிருவே. கூடப் பிறந்ததுக திரும்புறதைப் பாத்தும் செவிட்டுக் குட்டி திரும்பும், சாமர்த்தியம் அப்படி. அதனால ஒத்தையாத் தூக்கிட்டு வேற ரூமுக்குப் போ. அது எதையாச்சும் மோந்து பாத்துக்கிட்டு இருக்கிறப்ப, தள்ளி நின்னு சாவிக்கொத்தைத் தரையில போடு. காதை ஆட்டாம மோந்துக்கிட்டே இருந்தா, கும்பிட்டு வெளிய வந்துரு.

எந்தக் குட்டியானாலும் தாயைப் பாக்காம வாங்காதே. தாய் எங்கப்பான்னு கேட்டா போன்ல போட்டோ காட்டுவான். போட்டோவா உனக்குக் குட்டி போட்டுச்சுன்னு கேளு. தாய் ஆளைக் கண்டு மிரளுதா, உர்ருங்குதா, வாலை ஆட்டிக்கிட்டு வருதான்னு பாரு. குணம் பாதி அங்கயே தெரிஞ்சிரும். குட்டிக்கு உடம்பு ஒட்டி வயிறு மட்டும் பானையா உப்பியிருந்தா, நல்லாச் சாப்பிட்டிருக்குன்னு அவன் சொல்லுவான். அது பூச்சி வயிறு.

45 நாள் குட்டி சார், இப்ப எடுத்தாத்தான் உங்ககூட ஒட்டும்பான். 2017-ல வந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதியில எட்டு வாரம் ஆகாத குட்டியை விக்கவே கூடாதுன்னு இருக்கு. எட்டு வாரம்னா 56 நாள், கணக்கு உனக்குத் தெரியும். அந்தக் கடைசிப் பத்துப் பதினஞ்சு நாள்லதான் கூடப் பிறந்ததுகளோட கட்டிப் புரண்டு, எவ்வளவு அழுத்திக் கடிச்சா வலிக்கும்னு குட்டி படிக்குது. அந்தப் பாடம் படிக்காம வந்தா உன் கையிலயும் பேத்தி கையிலயும்தான் படிக்கும். வாயைத் திறந்து பாரு. ரெண்டு மாசக் குட்டின்னா பால்பல் 28-ம் முளைச்சிருக்கணும். பின்பக்கம் வெறும் ஈறா இருந்தா, வயசு விஷயத்துல அவன் வாய்ல வந்ததைச் சொல்றான்னு அர்த்தம். ஊசி போட்டாச்சும்பான். அட்டையைக் காட்டச் சொல்லு. அட்டையில மருந்துப் புட்டியிலேருந்து உரிச்ச ஸ்டிக்கர் ஒட்டி, பேட்ச் நம்பர் இருந்து, டாக்டர் கையெழுத்தும் முத்திரையும் இருக்கணும். பேனாவுல டிக் அடிச்சிருந்தா அது அவன் வீட்டு மளிகைச் சிட்டை. கேசிஐன்னு கென்னல் கிளப் குடுக்கிற சர்டிஃபிகேட் இருக்கு சார்னு நீட்டுவான். அது அப்பன் பாட்டன் யாருன்னு சொல்லும். பேரனுக்கு இடுப்பு எலும்பு நல்லா இருக்கான்னு சொல்லாது.

இனி சோத்துக் கணக்கு. நீ லேப்ரடார்தான் எடுக்கிறேன்னு வச்சுக்குவோம். சாதுவான நாய், பிள்ளைகளோட ஒத்துப்போகும், எதைப் போட்டாலும் தின்னும். எதைப் போட்டாலும் தின்னும்ங்கிறதுதான் அதோட சீக்கே. வளந்த லேப் 30 கிலோ வரும். தினமும் 350 கிராம் உலர் தீவனம்னா மாசத்துக்குப் பத்தரைக் கிலோ. நடுத்தர ரகம் கிலோ 300 ரூபாய்னு வச்சா ஏறக்குறைய 3,200 ஆச்சு. கோழி, முட்டை, தயிர்னு ஆயிரம். உண்ணி மருந்தும் பூச்சி மாத்திரையும் 700. ஷாம்பு, இத்யாதி 300. வருசாந்திர ஊசிக்கும் டாக்டருக்கும்னு மாசாமாசம் 800 எடுத்து வை. மொத்தம் 6,000. விலை ஊருக்கு ஊரு கூடக்குறைய இருக்கும், உன் கடைக்காரன்கிட்டக் கேட்டுத் திருத்திக்க. லேப் பத்துப் பன்னிரண்டு வருசம் இருக்கும். 12 வருசத்துக்குப் பெருக்கு. 8 லட்சத்து 64 ஆயிரம் வருதா? இப்ப அதுக்கு மஞ்சக் கலர் அடி.

வீட்டுல மிஞ்சினதைப் போட்டு வளத்துருவேன் மாமான்னு சொல்லாதே. எங்க ஊர்ல கம்மங்கூழும் மோரும் குடிச்ச நாய் இருந்துச்சு, வாஸ்தவம். உன் வீட்டு மிச்சம் கம்மங்கூழா? சின்ன வெங்காயம் போட்ட சாம்பார் நாய்க்கு ரத்தத்தைக் கெடுக்கும். பாயசத்துல மிதக்குற திராட்சை கிட்னியைக் கெடுக்கும். பேத்தி ஆசையா ஊட்டுற சாக்லேட் நெஞ்சுத் துடிப்பையே கெடுக்கும். பிரியாணியில கடிச்சுப்போட்ட கோழி எலும்பு வெந்தது, அது ஊசி ஊசியா உடைஞ்சு குடலைக் குத்தும். நீங்க மூணு பேரும் ஞாயித்துக்கிழமை என்ன தின்னுறீகளோ அத்தனையும் அதுக்கு ஆகாது. இது அதுக்கு மட்டுமான்னு உன் தொப்பையைத் தடவிப் பாத்துக்கிட்டே யோசி.

ஊசி விசயத்துல மட்டும் விளையாட்டுப் பேச்சு இல்லை. ஆறு எட்டு வாரத்துல ஆரம்பிச்சு, மூணு நாலு வாரத்துக்கு ஒருக்கா, 16 வாரம் வரைக்கும் பார்வோ, டிஸ்டெம்பர் ஊசியை முடிக்கணும். முடியுற வரைக்கும் தெருவுல இறக்காதே. பார்வோ வந்தா வாந்தி, ரத்தமா வயித்துப்போக்கு, ரெண்டே நாள்ல குட்டி துவண்டுரும். ஆஸ்பத்திரியில வச்சு டிரிப்ஸ் ஏத்தினா ஆயிரக்கணக்குல பிடுங்கும், அப்பவும் பிழைக்கும்னு எழுதித் தர மாட்டாக. வெறிநாய்க்கடி ஊசி மூணு மாசத்துல ஒண்ணு, பிறகு வருசாவருசம். உங்க ஊரு வேப்பேரியில 1903-ல ஆரம்பிச்ச கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு. கூட்டம் இருக்கும், வரிசையில நிக்கணும். நீ சினிமாவுக்கு நிக்கலையா?

உன் நாய்க்கு ஊசி போட்டிருந்தாலும், எந்த நாயாவது பேத்தியைப் பிராண்டிட்டா மஞ்சப்பொடி, சுண்ணாம்பு, மந்திரம் எதுவும் வேண்டாம். ஓடுற தண்ணியில சோப்புப் போட்டு 15 நிமிசம் கழுவிட்டு நேரா அரசு ஆஸ்பத்திரி. காசில்லாமப் போடுறாக. குன்னூர்ல 1907-லயே பாஸ்டர் நிலையம் வச்ச நாடு இது, இன்னும் ஆள் சாகுறான்னா ஊசி இல்லாம இல்லை, நாளைக்குப் பாக்கலாம்ங்கிற அசட்டையிலதான். வெறி கண்டபிறகு வைத்தியம் கிடையாது.

காசைப் பேசியாச்சு. உன் கணக்குல அதை விடப் பெரிய ஓட்டை ஒண்ணு இருக்கு. காலையில அஞ்சரைக்கு எந்திரிக்கிறது யாரு? ரெண்டு மாசக் குட்டிக்குத் தூங்கி எந்திரிச்சதும் மூத்திரம், தின்னதும் மூத்திரம், விளையாண்டு முடிச்சதும் மூத்திரம். மூணு மாசக் குட்டி மூணு மணி நேரம் அடக்கினா அதிகம். நீங்க ரெண்டு பேரும் ஒன்பதுக்குப் போயி ஏழுக்கு வர்றீக. நடுவுல பத்து மணி நேரம். அது எங்க போகும்? உன் லேப்டாப் பைக்குத்தான் போகும். நாலு வேளைச் சோறு யாரு வைக்கிறது? வெயில் ஏறின பிறகு ரோட்டுல கூட்டிட்டுப் போனா பாதம் வெந்துரும். புறங்கையைத் தார்ல வச்சுப் பாரு, உன்னால ஏழு எண்ணிக்கை வைக்க முடியலைன்னா அதாலயும் முடியாது. அப்ப விடியக்காலையும் பொழுது சாஞ்சும்தான். உன் சூரியன் எட்டரைக்கு உதிக்குது.

நானே பாத்துக்கிறேன் தாத்தான்னு பேத்தி சத்தியம் பண்ணினா. நாலாங்கிளாஸ் பிள்ளை சத்தியத்துக்கு ஆயுசு முதல் ஆய் வரைக்கும். உன் சம்சாரம், சோறு வைக்கிறேன், அள்ள மாட்டேன்னு தெளிவாச் சொல்லிருச்சு. நாய்க்கு வேலையில்லை, நிக்க நேரமில்லைன்னு ஒரு சொலவடை உண்டே, அது இனிமே உனக்குப் பொருந்தும். ஒண்ணு செய். இன்னையிலேருந்து ஒரு மாசம், நாயில்லாம, வெறுங்கயித்தைக் கையில பிடிச்சுக்கிட்டு காலையில அரைமணி, சாயங்காலம் அரைமணி உங்க அபார்ட்மெண்டைச் சுத்தி நட. ஆளுக சிரிப்பாக, சிரிக்கட்டும். முழு மாசமும் நடந்துட்டேன்னா நாய் வாங்கு. நாலாம் நாளே கயித்தைப் பரண்ல போட்டேன்னா, 44 ஆயிரமும் மிச்சம், 8 லட்சமும் மிச்சம், எனக்கு ஒரு வேட்டி எடுத்துக் குடு.

அசோசியேசன்காரன் நாய் வளக்கக் கூடாது, லிஃப்ட்ல ஏத்தக் கூடாதுன்னு நோட்டீஸ் ஒட்டுவான். விலங்கு நல வாரியத்தோட வழிகாட்டுதல்ல அப்படித் தடை போட முடியாதுன்னு இருக்கு. ஆனா நீ சட்டம் பேசுறதுக்கு முன்னாடி கவரும் கையுமாப் போய் அள்ளிப் பழகு. அள்ளுறவன் பேசுற சட்டத்துக்குத்தான் மதிப்பு. மாநகராட்சி லைசென்ஸும் எடுத்துரு, அது உன் நாய்ச் செலவுலயே மலிவான செலவு.

கடைசியில என்ன நாய்தான் மாமா வாங்குறதுன்னு கேப்பே. போன தடவை வந்தப்ப உங்க கேட்டுல ஒரு செவலைப் பொட்டைக் குட்டியைப் பாத்தேன். ஒரு காது நிமிந்து, ஒரு காது மடிஞ்சு, வாட்ச்மேன் நாற்காலிக்கு அடியில கிடந்துச்சு. நான் செருப்பைக் கழட்டிப் போட்டேன், தூக்கிட்டு ஓடலை, மோந்து பாத்துட்டு மேலயே படுத்துக்கிச்சு. கார் ஹார்னுக்குக் காது திரும்புச்சு, அப்பச் செவிடு இல்லை. சென்னை வெயில்லயே பிறந்தது, ஏசி கேக்காது. ஏறக்குறைய பதினஞ்சு கிலோதான் வளரும், சோத்துக் கணக்கு பாதியாயிரும். விலை? சும்மா. ஊசி, பூச்சி மருந்து, கருத்தடை ஆபரேசன், இதுதான் ஆரம்பச் செலவு. அது வேண்டாம்னா 1959-லேருந்து உங்க ஊர்ல ப்ளூ கிராஸ் இருக்கு, அங்க போய்க் கேளு. வீடு கிடைக்காம எத்தனையோ கிடக்கு. நீ தேர்ந்தெடுக்கப் போறதா நினைச்சுப் போவே, அங்க ஒண்ணு வந்து உன் கால்ல உக்காந்துக்கும்.

என்ன சாதின்னு ஆபீஸ்ல கேட்டா என்ன சொல்றதுன்னு யோசிக்கிறே, தெரியும். இந்தியன் பரையான்னு சொன்னா மட்டமா நினைப்பான். சோழிங்கநல்லூர் ஹவுண்டுன்னு சொல்லு. அவன் கூகுள்ல தேடிக்கிட்டுக் கிடப்பான்.

இன்னொண்ணு பாக்கி. பொங்கலுக்கும் ஊர்ப் பொங்கலுக்கும் வருவீகளே, அப்ப நாயை எங்க விடுவே? ரயில்ல கூட்டிட்டு வரணும்னா முதல் வகுப்புல தனிக் கூபே எடுக்கணும், இல்லைன்னா கார்டு வண்டியில நாய்ப்பெட்டியில போடணும். நாய் ஹாஸ்டல்ல விட்டா நாளைக்கு 600, 800-ன்னு கேக்கான். இந்த வரியும் உன் எக்ஸல்ல இல்லை. ஏன் இல்லைன்னா, மாமா வீட்டுல விட்டுக்கலாம்னு மனசுக்குள்ள எழுதி வச்சிருக்கே. உங்க அத்தைகிட்டக் கேட்டேன். "நாயை ஒரு மாசம் வேணும்னாலும் விட்டுட்டுப் போகச் சொல்லுங்க, அது போட்டதைத் தின்னும், போனை நோண்டாது, ஏசி இல்லையான்னு கேக்காது. மருமகனும் கூடத் தங்குறதா இருந்தா மட்டும் முன்னாடியே சொல்லிரச் சொல்லுங்க"ன்னுட்டா.